தோப்பில் நிற்கும் எஃப்.சி.150: எஞ்சினைக் கடைசியில் பாருங்கள்

நீங்கள் கேட்டது இது: பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் 1968 பதிவு மஹிந்திரா எஃப்.சி.150 பிக்கப் ஒன்று 20 வருடமாக நிற்கிறது, ஒன்றரை லட்சம் சொல்கிறார்கள், எஞ்சின் ஜாம். மெக்கானிக் வேலை தெரியாத ஒருவர் அதை வாங்கி, சனி ஞாயிறுகளில் தானே பிரித்துச் சரிசெய்து ஓட்ட முடியுமா, எவ்வளவு ஆகும்? கேள்வியை இரண்டு தடவை படித்தேன். செலவைக் கேட்கிற மாதிரி இருந்தாலும், உங்கள் பயம் முழுக்க அந்த ஜாம் ஆன எஞ்சின் மேல் இருக்கிறது. எஞ்சின் ஓடினால் வாங்கலாம், ஓடாவிட்டால் விட்டுவிடலாம் என்று கணக்குப் போடுகிறீர்கள். இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும் என்பது என் கட்சி. முதலில் பேப்பர், அடுத்தது தகரம், எஞ்சின் கடைசி. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து 26 வருடமாகக் கோவையில் ஜீப் பட்டறை வைத்திருக்கிறேன். எனக்கென்று இதே எஃப்.சி.150 ஒன்றைச் சரிசெய்து வைத்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்காக வண்டியைப் பற்றிக் கொஞ்சம். எஃப்.சி. என்றால் ஃபார்வர்ட் கண்ட்ரோல். நம் ஊரில் எஃப்.சி. என்றதும் ஆர்.டி.ஓ. ஆபீஸில் எடுக்கும் தகுதிச் சான்றுதான் நினைவுக்கு வரும், அதனால் "எஃப்.சி.க்கு எஃப்.சி. எடுத்தாச்சா" என்று என்னைக் கிண்டல் செய்யாத ஆள் இல்லை. அமெரிக்காவில் வில்லிஸ் கம்பெனி 1956 கடைசியில் வெளியிட்ட வண்டி இது. வரைந்தவர் புரூக்ஸ் ஸ்டீவன்ஸ். சி.ஜே.5 ஜீப்பின் அதே 81 அங்குல வீல்பேஸில் (முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரம்), கேபினை எஞ்சினுக்கு மேலே தூக்கி வைத்து, பின்னால் மிச்சமான நீளம் முழுவதையும் சாமான் ஏற்றும் தொட்டியாக்கினார்கள். மூக்கே இல்லாத முகம். ஓட்டுகிறவர் கிட்டத்தட்ட முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருப்பார், எஞ்சின் அவர் இடது தொடைக்குப் பக்கத்தில் ஒரு தகர மூடிக்குள் கொதித்துக்கொண்டிருக்கும். அமெரிக்காவில் அவ்வளவாக எடுபடவில்லை. 1965இல் அங்கே நிறுத்திவிட்டார்கள். இங்கே மஹிந்திரா அதே சமயத்தில் எடுத்து உயிர் கொடுத்தது. பிக்கப், வேன், ஆம்புலன்ஸ் என்று பல உருவத்தில் ஓடியது.

சரி, பேப்பர். 20 வருடம் நின்ற வண்டி என்றால் ஆர்.சி. காலாவதியாகியிருக்கும், அதில் சந்தேகமே வேண்டாம். நீங்கள் பார்க்க வேண்டியது, ஆர்.சி. புத்தகம் அசலாகக் கையில் இருக்கிறதா, அதில் பெயர் உள்ளவர் உயிருடன் இருக்கிறாரா என்பதை. தோப்புக்காரர் "எங்க அப்பா வண்டிதான்" என்று சொல்வது போதாது. அப்பா தவறியிருந்தால் முதலில் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம், படிவம் 31 வழியாக மகன் பெயருக்கு மாற்றம், அதற்கப்புறம்தான் உங்கள் பெயருக்கு 29, 30. வெளியூரில் இருக்கும் ஓர் அக்கா கையெழுத்துப் போட மறுத்ததால் ஒன்றரை வருடம் என் பட்டறையில் மூலையில் நின்ற ஜீப் எனக்குத் தெரியும். இதையெல்லாம் விற்கிறவர் முடித்துக் கொடுத்த பிறகு பணம் என்று பேசுங்கள். விலை 20 ஆயிரம் ஏறினாலும் பரவாயில்லை.

அடுத்தது எண்கள். ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் வண்டியில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். இந்த வண்டியோடு வந்த பெட்ரோல் எஞ்சினுக்கு ஹரிகேன் என்று பெயர். அதில் நம்பரை பிளாக்கின் முன்பக்கம், வாட்டர் பம்ப் உட்காரும் இடத்துக்கு மேலே அடித்திருப்பார்கள். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் தெரியும். வயர் பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், கிரைண்டரைப் பக்கத்திலேயே கொண்டு போகாதீர்கள். நாளைக்கு ஆய்வாளர் பென்சில் பிரிண்ட் எடுக்கும்போது எழுத்து மழுங்கியிருந்தால் திருட்டு வண்டியைப் பார்ப்பது மாதிரி உங்களைப் பார்ப்பார். இன்னொன்று, 1989க்கு முந்தைய பழைய மூன்றெழுத்து எண் வண்டிகள் பல கம்ப்யூட்டர் பதிவிலேயே ஏறியிருக்காது. அசல் பதிவு செய்த அலுவலகத்தின் பழைய லெட்ஜரைத் தேடி எடுத்து ஏற்றச் சொல்ல வேண்டும். பேக்லாக் என்ட்ரி என்பார்கள். பொறுமை இருந்தால் நடக்கும் காரியம்தான்.

இங்கே பிக்கப்புக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது, காரையோ ஜீப்பையோ வாங்குகிறவருக்கு இது வராது. ஆர்.சி.யில் வாகன வகை என்ன என்று பாருங்கள். சொந்த உபயோக ஜீப் என்று இருந்தால் மறுபதிவு, அதன் பிறகு 5 வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிப்பு, அவ்வளவுதான். சரக்கு வாகனம் என்று இருந்தால் கதை வேறு. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாததால் பெர்மிட் தேவையில்லை, ஆனால் வருடா வருடம் தகுதிச் சான்று எடுக்க வேண்டும். நின்ற வருடங்களுக்கு "வண்டி ஓடவில்லை" என்று எழுதிக் கொடுத்திருக்காவிட்டால் வரி பாக்கியும் கிளம்பும்.

"50 வயசு தாண்டிய வண்டிக்கு விண்டேஜ் பதிவு வந்துவிட்டதே" என்று நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் அதைச் சேர்த்தார்கள், உண்மை. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும், புதுப்பிக்க 5,000. நம்பர் பலகையில் மாநில எழுத்துக்கு அடுத்து வி.ஏ. என்று வரும். ஆனால் அதை எடுத்தால் தினமும் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பெட்ரோல் போடவும் பராமரிப்புக்கும் போய்வர மட்டும்தான். அதைவிட முக்கியமானது, விதி சொல்வது இருசக்கர வாகனங்களையும் எம்1 வகை நான்கு சக்கர வாகனங்களையும். எம்1 என்பது ஆள் ஏற்றும் கார் வகை. தொட்டி வைத்த பிக்கப் சரக்கு வகையில் வருவது. ஆர்.சி.யில் ஜீப் என்று எழுதியிருந்தால் வாதாட இடமிருக்கிறது, சரக்கு வாகனம் என்று எழுதியிருந்தால் அந்த வழியை நம்பி நான் பணம் போட மாட்டேன். நான் மெக்கானிக், வக்கீல் இல்லை. இந்த ஒரு விஷயத்தை மட்டும் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிவிடுங்கள். ஏஜென்ட் வாய்வார்த்தை வேண்டாம்.

பேப்பரையும் எஞ்சினையும் சேர்த்தே பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. இந்த வண்டி பிறந்தது பெட்ரோலில். பிற்காலத்தில் பெட்ரோல் விலைக்குப் பயந்து பலரும் டீசல் எஞ்சினைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டார்கள். உங்கள் வண்டியில் டீசல் எஞ்சின் இருந்து, ஆர்.சி.யில் பெட்ரோல் என்று இருந்தால், அது சட்டப்படி வேறு வண்டி. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாறக்கூடாது என்பதை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதியாகச் சொல்லிவிட்டது. ஜாம் ஆன பெட்ரோல் எஞ்சினோடு நிற்பதுதான் உங்களுக்கு அதிர்ஷ்டம். நன்றாக ஓடுகிற டீசல் எஞ்சினோடு நிற்பது தலைவலி.

இப்போது தகரம். இதில்தான் பணமும் வருடங்களும் கரையும். எஃப்.சி.யில் துரு வரும் இடங்கள் ஏறக்குறைய எல்லா வண்டியிலும் ஒன்றுதான்: கேபின் தரை, ஏறும் படிக்கட்டுக் குழி, முன்சக்கர வளைவின் உள்பக்கம், கதவின் அடி விளிம்பு, தொட்டிக்கு அடியில் போகும் குறுக்குச் சட்டங்கள். என் வண்டியை வாங்கப் போனபோது தரையில் தடிமனான ரப்பர் மேட், அதன்மேல் புதுக் கறுப்புப் பெயின்ட். பார்க்க லட்சணமாக இருந்தது. மேட்டைத் தூக்கி, திருப்புளியின் பின்பக்கத்தால் தட்டிக்கொண்டே வந்தேன். டங், டங், டங் என்று வந்த சத்தம், கிளட்ச் பெடலுக்குக் கீழே வந்ததும் டப் என்று மாறியது. நுனியை வைத்து அழுத்தினேன். அப்பளம் மாதிரி நொறுங்கி உள்ளே போனது. வெளியே எடுத்தால் நுனியில் சிமென்ட். ஓட்டையில் கோணித்துணி அடைத்து, மேலே சிமென்ட் பூசி, அதற்கு மேல் பெயின்ட் அடித்திருந்தார்கள். அந்த ஓட்டையைக் காட்டித்தான் விலையில் 30 ஆயிரம் குறைத்தேன்.

காந்தம் ஒன்று எடுத்துப் போங்கள். மெல்லிய துணியில் சுற்றி, கதவிலும் பக்கவாட்டிலும் நகர்த்திக்கொண்டே வாருங்கள். தகரம் இருக்கும் இடத்தில் கவ்வும், பட்டி (பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை) கனமாக இருக்கும் இடத்தில் நழுவும். கொஞ்சம் பட்டி எல்லா வண்டியிலும் இருக்கும், அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். சேசிஸில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஸ்பிரிங் பட்டையைச் சேசிஸோடு பிடித்திருக்கும் ஸ்பிரிங் ஹேங்கர் பக்கத்திலும், ரிவெட் போட்ட இணைப்புகளிலும் இரண்டு தகடுகளுக்கு நடுவே துரு ஊதி, தகடுகள் விலகியிருக்கிறதா என்று பாருங்கள். அங்கே ஊதியிருந்தால் அந்த வண்டியைத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். கேபின் தரையைப் புதிதாக வெட்டி வைக்க நல்ல டிங்கர் ஒருவர் போதும். சேசிஸை ஒட்டுப் போட்டு மலையில் இறக்குவது உயிரோடு விளையாடுவது.

அப்புறம், இல்லாத சாமான்களை எண்ணுங்கள். முன் கண்ணாடி, அதன் ரப்பர் பீடிங், கதவுக் கைப்பிடி, கண்ணாடி ஏற்றும் மெஷின், விளக்கு வளையம், மீட்டர் பெட்டி, எஞ்சின் மூடி. எஃப்.சி.க்கு மட்டும் உரிய இந்தச் சாமான்கள் உக்கடம், புதுப்பேட்டை பழைய சாமான் கடைகளில் தேடினாலும் சுலபத்தில் அகப்படாது. அமெரிக்காவிலிருந்து தருவிக்கலாம் என்று நினைத்தால், அங்கேயே மொத்தம் 30,000 வண்டி சொச்சம்தான் செய்தார்கள், அவர்களே தேடிக்கொண்டிருக்கிறார்கள். எஞ்சின் ஜாம் ஆகி, சாமான் முழுசாக இருக்கும் வண்டியை எடுங்கள். எஞ்சின் ஓடி, கதவு இரண்டும் இல்லாத வண்டி வேண்டாம்.

ஒருவழியாக எஞ்சினுக்கு வந்தோம். இது ஏன் கடைசி என்றால், இதுதான் சாதாரண சி.ஜே.3பி ஜீப்பில் இருக்கும் அதே ஹரிகேன் எஞ்சின். நான்கு சிலிண்டர், 2,199 சிசி. இன்டேக் வால்வு மேலே ஹெட்டில், எக்ஸாஸ்ட் வால்வு கீழே பிளாக்கில் என்ற விசித்திர அமைப்பு. மேலே வால்வு ஏறி எஞ்சின் உயரமானதால்தான் சி.ஜே.3பியின் பானெட்டே அப்படித் தூக்கி நிற்கிறது. மஹிந்திரா இந்த எஞ்சினைப் பல வருடம் செய்தது, ராணுவத்திலும் ஓடியது. அதனால் பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கெட் எல்லாம் இன்றும் கிடைக்கும்.

ஜாம் ஆனதை அடித்துச் சுற்றப் பார்க்காதீர்கள், கயிறு கட்டி டிராக்டரால் இழுக்கவும் கூடாது. பிளக்குகளைக் கழற்றி, டீசலும் ஆட்டோமேட்டிக் கியர் பெட்டிக்கு ஊற்றும் ஏ.டி.எஃப். எண்ணெயும் பாதிக்குப் பாதி கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் விட்டு மூடி வையுங்கள். தினமும் கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டு, முன்னும் பின்னும் லேசாக அசைத்துப் பாருங்கள். என்னுடையது 11ஆம் நாள் மாலை ஒரு நூல் அளவு நகர்ந்தது, அன்றைக்கு நான் டீ குடிக்கக்கூடப் போகவில்லை. சுற்றினாலும் சுற்றாவிட்டாலும் எப்படியும் பிரிக்கத்தான் போகிறீர்கள். பிரித்ததும் பிளாக்கை நல்ல லேத் பட்டறையில் கொடுத்து, எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே விரிசல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இந்தக் குடும்ப எஞ்சின்களின் பலவீனமான இடம் அது. விரிசல் இல்லையென்றால் மற்றதெல்லாம் வழக்கமான வேலை. சிலிண்டரைக் குடைந்து ஓவர்சைஸ் பிஸ்டன், தேய்மானம் எல்லை தாண்டியிருந்தால் ஸ்லீவ் என்ற உள்குழாய், கிராங்க் கிரைண்டிங். கோவையில் இதற்கு ஆள் பஞ்சம் இல்லை. வால்வு இடைவெளி வைக்கும்போது மட்டும் பக்கத்திலேயே இருங்கள்: எஞ்சின் குளிர்ந்த நிலையில் இன்டேக் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 18, எக்ஸாஸ்ட் 16. எக்ஸாஸ்ட் வால்வைத் தள்ளும் டாப்பெட்டுகள் பக்கவாட்டு மூடிக்குள் ஒளிந்திருக்கும், கை நுழைவது கஷ்டம். அதனால் இளம் மெக்கானிக்குகள் மேலே இருக்கிற நாலை மட்டும் செட் செய்துவிட்டு மூடிவிடுவார்கள்.

பெட்ரோல் பற்றி ஒரு வார்த்தை. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் ஓஸும், மெக்கானிக்கல் பம்ப்பின் டயாஃப்ரமும் அதில் ஊறி நைந்துபோகும். எஃப்.சி.யில் எஞ்சின் கேபினுக்குள்ளேயே இருப்பதால், கசியும் பெட்ரோல் உங்கள் காலடியில்தான் சொட்டும். ஓஸ் எல்லாவற்றையும் எத்தனால் தாங்குகிற ரகத்தில் மாற்றிவிடுங்கள். நிறுத்தி வைக்கும் மாதங்களில் டேங்கை அரைகுறையாக விடாதீர்கள், எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய டேங்க்கில் ஓட்டை இருந்தால் யாரையும் வெல்டிங் வைக்க விடாதீர்கள். கழுவிக் காய்ந்த டேங்கும் வெடிக்கும்.

பிரேக்கில் நான் பிடிவாதக்காரன். வண்டியின் மூக்குப் பக்கம்தான் பாரம் முழுவதும். தொட்டி காலியாக இறக்கத்தில் பிரேக் அடித்தால் பின்சக்கரம் தரையில் ஒட்டாமல் துள்ளும். நாலு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் லைன் என்பதால் ஓர் இடத்தில் ஓஸ் வெடித்தால் பெடல் நேராகத் தரைக்குப் போய்விடும். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், இரும்புக் குழாய், ஓஸ் எல்லாம் புதிது. இதில் பழையதைக் கழுவிப் போடும் பேச்சே வேண்டாம். ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் ஷாஃப்டில் இருக்கிறது. நின்ற பிறகு போடுவதற்கு மட்டும்தான் அது. ஓடும்போது இழுத்தால் ஷாஃப்டை முறுக்கிவிடும். பின் ஹப் டேப்பர் ஷாஃப்டில் இறுகி உட்கார்ந்திருக்கும், அதற்கென்று உள்ள புல்லர் இல்லாமல் கழற்றாதீர்கள். 26 வருட அனுபவஸ்தன் நானே, ஒரு ஞாயிற்றுக்கிழமை புல்லர் வாங்கப் போகச் சோம்பல்பட்டு, சுத்தியலால் நாலு போடு போட்டேன். ஷாஃப்ட் நுனி மரை நசுங்கி, டிரம் விளிம்பு உடைந்து, 600 ரூபாய் வாடகைக்குக் கிடைக்கும் கருவியை மிச்சப்படுத்தி 9,000 ரூபாய்க்குச் செலவு வைத்துக்கொண்டேன்.

செலவுக்கு என் நோட்டுக் கணக்கைச் சொல்கிறேன், அதைப் பொது விலையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2016இல் 90 ஆயிரத்துக்கு வாங்கினேன். 3 வருடம் 2 மாதம் கழித்து ரோட்டுக்கு வந்தபோது, வாங்கிய விலையும் சேர்த்து 5 லட்சத்து 80 ஆயிரம். என் உழைப்புக்குக் கூலி போடவில்லை. அதில் எஞ்சினுக்கு 85 ஆயிரம், டிங்கரிங்கும் பெயின்டிங்கும் மட்டும் 2 லட்சத்து 10 ஆயிரம். பெயின்டர் ஒருவர் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு கேபினை 7 மாதம் வெயிலில் போட்டு, அடித்த ப்ரைமர் மேலேயே துரு பூத்து, திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்ததும் இதில் அடக்கம். உங்களுக்கு இன்றைய கூலியில் இதைவிடக் கணிசமாகக் கூடுதல் ஆகும். விற்றால் போட்ட காசு வருமா என்பதற்கு, வரும் என்று நினைத்து வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.

மெக்கானிக் வேலை தெரியாத நீங்கள் செய்ய முடியுமா? முடியும், ஒரு நிபந்தனையோடு. முதல் மாதத்திலேயே ஆசையாக மொத்தத்தையும் பிரித்துத் தரையில் பரப்பிவிடாதீர்கள். என்னிடம் வரும் பாதிக்கும் மேற்பட்ட வண்டிகள் சாக்குப் பையில் நட்டு போல்ட்டாகத்தான் வருகின்றன. பிரித்தவருக்குக் கல்யாணம் ஆகியிருக்கும், வெளிநாடு போயிருப்பார், எந்த போல்ட் எங்கே போனது என்று அவருக்கே ஞாபகம் இருக்காது. வாங்கும்போது பார்க்கும் வரிசை வேறு, வேலை செய்யும் வரிசை வேறு. முதலில் வண்டியை அழுக்காகவே ஓட வையுங்கள், பிரேக் அடித்தால் நிற்க வையுங்கள். எஞ்சின், பிரேக், ஸ்டியரிங், வயரிங் இந்த நான்கும் முடிந்து காம்பவுண்டுக்குள் சொந்தக் காலில் ஓடிய பிறகு தகரத்தில் கை வையுங்கள். வயரிங்கை ஒட்டுப் போடாமல் முழுசாகப் புதிதாக இழுத்துவிடுங்கள், 20 வருடத் தோப்பு எலி எதையும் மிச்சம் வைத்திருக்காது. எஞ்சின் மெஷினிங், வெல்டிங், கடைசிப் பெயின்ட் மூன்றையும் வெளியே கொடுங்கள். பிரிப்பது, கழுவுவது, துரு சுரண்டுவது, பிரேக் பூட்டுவது, வயர் இழுப்பது எல்லாம் நீங்களே செய்யலாம். பிரேக்கை மட்டும் பூட்டிய பிறகு தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். கழற்றும் ஒவ்வொரு சாமானுக்கும் போட்டோ, ஒவ்வொரு போல்ட் கூட்டத்துக்கும் தனி ஜிப் பை, பைக்குள் பேனாவில் எழுதிய துண்டுக் காகிதம். பைக்கு வெளியே எழுதினால் கிரீஸ் பட்டு அழிந்துவிடும்.

முடிந்த பிறகும் 50, 60 கிலோமீட்டர் வேகத்தில்தான் சுகமாகப் போகும், இடது காலில் எஞ்சின் சூடு அடிக்கும், பவர் ஸ்டியரிங் கிடையாது. ஆழியாறு வரைக்கும் காலையில் போய் மீன் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால் தோள்பட்டை இரண்டு நாள் வலிக்கும். எனக்கு அது பிடித்திருக்கிறது. உங்களுக்குப் பிடிக்குமா என்று தெரிந்துகொள்ள, வாங்குவதற்கு முன்னால் ஓடுகிற ஒரு பழைய ஜீப்பையாவது ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை தோப்புக்குப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். காந்தம், திருப்புளி, டார்ச், மண்ணெண்ணெய் துணி, விரித்துப் படுக்க ஒரு கோணிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் படுப்பதற்கு முன்னால் நீளக் கம்பால் நன்றாகத் தட்டிவிட்டுப் படுங்கள். 20 வருடமாக நிற்கும் வண்டிக்குக் கீழே பாம்பு குடியிருக்கும். ஆர்.சி.யின் வாகன வகைப் பக்கம், இரண்டு நம்பர்கள், ஸ்பிரிங் ஹேங்கர் பக்கம் சேசிஸ், இவற்றைப் போட்டோ எடுத்து நம்பர்களைப் பொதுவில் போடாமல் எனக்குத் தனியாக அனுப்புங்கள். அதைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.